பூங்கா ரயிலும் என் கவ்வியும்

என்னை வேலைக்கு எடுத்தவர் பூங்காவின் மேற்பார்வையாளர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "ரயிலப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். "நல்லாவே தெரியும் சார்" என்றேன். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போன அனுபவத்தை மனதில் வைத்துச் சொன்ன பதில் அது. அதுவரை ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடைந்துகொண்டிருந்தவன் நான். அவர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். நல்லவேளையாக அவருக்கும் ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது; அதனால் இன்னொரு கேள்வி தோன்றவில்லை. இப்படித்தான் நகரத்துப் பெரிய பூங்காவில் ஓடும் குட்டி ரயிலுக்கு நான் டிரைவர் ஆனேன். மெக்கானிக்கும் நானே. பாதையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவனும் நானே.

ரயில் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிட வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு ஒரு டீசல் இன்ஜின், பின்னால் கூரை மட்டும் போட்ட சில பெட்டிகள். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். நிலையத்திலிருந்து கிளம்பி, வேலியோரமாக ஏறி, மரங்கள் அடர்ந்த ஒரு மேட்டைத் தொட்டு, அங்கிருந்து சரிவில் இறங்கி, குளத்தை ஒட்டி வளைந்து, மறுபடி நிலையத்துக்கே வந்து நிற்கும். எப்போதும் அதே திசைதான். பாதையை மட்டும் நிஜ ரயில் பாதை போலவே போட்டிருந்தார்கள். கீழே ஜல்லி, அதன் மேல் மரக்கட்டைகள், கட்டைகளின் மேல் ஆணி அடித்து உட்கார்த்திய தண்டவாளம். ஒரு தண்டவாளமும் அடுத்த தண்டவாளமும் சேருமிடத்தில் இரண்டு பக்கமும் தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். அந்தச் சேருமிடத்தைத்தான் ஜாயின்ட் என்போம். பிற்பாடு என் மானம் கப்பலேறியது அந்த ஜாயின்ட்டால்தான்.

வேலையில் சேர்ந்த அன்று நீல நிறத்தில் ஒரு தொப்பி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டதும் என் நடையே மாறிவிட்டது. கடைக்குப் போகும்போதும் கழற்ற மாட்டேன். தெருவில் யாராவது "என்ன வேலை?" என்று கேட்டால் "ரயில்வே" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன்.

அப்போது டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பெண்தான் பிறகு என் மனைவியானாள். அது நடந்த விதமும் எனக்குப் பெருமை சேர்க்கக்கூடியதல்ல. சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். விசில் ஊதினேன், இன்ஜினைக் கிளப்பினேன், முழுச் சுற்றும் முடித்துக் கம்பீரமாகத் திரும்பினேன். நிலையத்தில் பெட்டிகள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. ஜனங்களும் அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். கொக்கியை நான் மாட்டவே இல்லை. கடைசிப் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் வந்து அசட்டுச் சிரிப்போடு நின்றேன். கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் சிரிக்காமல் சொன்னாள்:

"இவங்களும் டிக்கெட் வாங்கியிருக்காங்க. அடுத்த தடவ கூட்டிட்டுப் போங்க."

இவளைத்தான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். அவள் முடிவு செய்யத்தான் வெகுநாளாயிற்று. அவளுடைய அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பேச்சுவார்த்தைக்கு வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கல்யாணம் முடிஞ்சு போகும்போது பொண்ண மறக்காம கூட்டிட்டுப் போவீங்கல்ல மாப்ள?" என்று கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் வாயில் விழாமல் நான் ஒரு வாரம்கூடத் தாண்டியதில்லை.

பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், மூத்தவள் வேலைக்குக்கூடப் போய்விட்டாள். நான் அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் பழைய இன்ஜினைக் கழித்துவிட்டு, கனமான புது இன்ஜினும் கூடுதலாக இரண்டு பெட்டியும் வாங்கினார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

சரிவின் உச்சியில், மேட்டின் மேல், ஒரு ஜாயின்ட்டில் இடைவெளி அகலமாகிக்கொண்டே வந்தது. முதலில் நகம் நுழைந்தது. பிறகு விரல் நுழைந்தது. ஒவ்வொரு சக்கரமும் அதில் விழுந்து எழும்போது 'டொக்' என்று ஒரு சத்தம், கூடவே ஒரு குலுக்கல். சரிவின் அடியில், குளத்தருகே, கதை நேர்மாறு. அங்கே இடைவெளியே இல்லாமல் தண்டவாளங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. கட்டைகள் கோணலாகத் திரும்பிக் கிடந்தன. நான் இரண்டையும் பார்த்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் மேட்டு ஜாயின்ட்டைத் தாண்டும்போது ஒரு பெரியவரின் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே மேற்பார்வையாளரின் அறைக்குப் போனார். அவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் சரியாகப் புரியவில்லை என்றாலும், கோபம் புரிந்தது. மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது, மாட்டு வண்டி மாதிரி தூக்கிப் போடுதாமே?"

"ஜாயின்ட்டுல கோளாறு சார். போல்ட் லூசாயிருக்கும். ஒரு திருகு திருகினா சரியாயிடும்."

"கம்பெனிக்காரங்கள வரச் சொல்லவா?"

"எதுக்கு சார் அவங்கெல்லாம்? நான் இருக்கேன்ல."

இந்த 'நான் இருக்கேன்ல' என்ற வார்த்தையை என் வாயிலிருந்து யாராவது பிடுங்கிப் போட்டிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஸ்பேனரின் பிடியில் நீளமான குழாயைச் சொருகி, என் எடை முழுவதையும் கொடுத்து ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினேன். அசைய விடக்கூடாது என்பதுதான் எண்ணம். அந்த வாரமே மேட்டு ஜாயின்ட்டில் இரண்டு போல்ட் தலை துண்டாகித் தெறித்தது. ஒன்று போய் டிக்கெட் கவுன்ட்டரின் தகரக் கூரையில் விழுந்தது. மனைவி வெளியே வந்து அதைக் குனிந்து எடுத்து, "இது உங்களுதா?" என்று கேட்டாள்.

அன்று மதியமே மச்சானின் பட்டறைக்குப் போய், ஜாயின்ட்டே இல்லாமல் செய்துவிடும் யோசனையைச் சொன்னேன். முனைகளையெல்லாம் சேர்த்து வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் இடைவெளி ஏது, குலுக்கல் ஏது. மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெயில்ல இரும்பு நீளுமே மாப்ள. நீண்டா எங்க போகும்?"

"அது பெரிய ரயிலுக்கு மச்சான். இது குட்டி ரயில். நீண்டாலும் கொஞ்சம்தான் நீளும்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அது என் மேல் கொண்ட மரியாதை என்று அப்போது நினைத்தேன். மறுநாள் பூங்காவுக்கு விடுமுறை. வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்து, சரிவு முழுவதும் ஒரு ஜாயின்ட் விடாமல் ஒட்டிக் கொடுத்தார். நானே தேய்த்துப் பளபளப்பாக்கினேன். ரயிலை ஓட்டிப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. சக்கரத்தின் சத்தமே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே மேற்பார்வையாளரிடம் போய், "நீங்களே ஒரு தடவ உக்காந்து பாக்கணும் சார்" என்று அழைத்தேன்.

அவருக்கு நேரம் ஒழிந்த நாள் வந்தபோது, அந்த ஆண்டின் முதல் கடுமையான வெயிலும் வந்திருந்தது. அவர் முதல் பெட்டியில், எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேடு ஏறினோம். "பரவாயில்லையே, ஆடவே இல்ல" என்றார். "இனிமேதான் சார் பாக்கணும், சரிவுல பாலாட்டம் போகும்" என்றேன். சரிவின் பாதியில் எதிரே பாதையைப் பார்த்தேன். நேராக இருக்க வேண்டிய தண்டவாளம் பூச்செடிகளின் பக்கம் பாம்பு போல வளைந்து கிடந்தது. வெயிலில் நீண்ட இரும்புக்குப் போக இடமில்லாமல், பக்கவாட்டில் போய்விட்டது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நடை வேகத்துக்கு வந்து, வளைவைத் தொட்டு, அவசரமே இல்லாமல் பாதையை விட்டு இறங்கி, ரோஜாப் பாத்தியில் போய் உட்கார்ந்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை, ரோஜா முள் தவிர. மேற்பார்வையாளரின் மடியில் ஒரு முழுச் செடி வேரோடு இருந்தது.

மனைவி கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு ஓடி வந்தாள். நிலைமையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெட்டிகளில் இருந்தவர்களிடம், "எல்லாரும் அந்தப் பக்கமா இறங்குங்க, இருக்கிற செடியையும் மிதிச்சிடாதீங்க" என்றாள். என்னிடம் வந்து, "அடிபட்டுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப தொப்பிய எடுத்துக் கையில வெச்சுக்கோங்க. ரோஜா இதழா ஒட்டியிருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து மச்சான் எனக்கு வைத்த பெயர் பூந்தோட்டம். வீட்டுக்கு ஃபோன் செய்தால், "பூந்தோட்டம் இருக்காரா?" என்றுதான் கேட்பார். என் சொந்த மகளே ஒருமுறை, "அப்பா, பூந்தோட்டத்துக்கு ஃபோன்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒட்டியதையெல்லாம் அறுத்து, நெளிந்த தண்டவாளத்தை மாற்றி, பழையபடி ஜாயின்ட் போட்டோம். வேலையில் வைத்திருந்தது மேற்பார்வையாளரின் பெருந்தன்மை. அல்லது, அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. இரண்டில் முதலாவதையே நம்ப விரும்புகிறேன்.

இடைவெளி மறுபடி விரிய ஆரம்பித்ததும், இந்த முறை கையை வைக்காமல் கண்ணை வைத்தேன். தண்டவாளத்தின் மேலும், அதை ஒட்டிய கட்டையின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரே கோடாக இழுத்துவிட்டேன். சில நாளில் கோடு இரண்டாகப் பிரிந்தது. கட்டையில் இருந்த பாதி அங்கேயே நின்றது. தண்டவாளத்தில் இருந்த பாதி சரிவில் கீழே நகர்ந்திருந்தது. எல்லாக் கோடும் அப்படித்தான். ஒரே திசையில் ஓடும் ரயில், சரிவில் பிரேக் போட்டுப் போட்டு, தண்டவாளத்தையே தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் மேலே இடைவெளி விரிகிறது, கீழே முட்டுகிறது. இத்தனை நாளும் பாவம் அந்த ஜாயின்ட்டை முடுக்கிக்கொண்டும் பொசுக்கிக்கொண்டும் இருந்திருக்கிறேன். தண்டவாளத்தைக் கட்டையோடு சேர்த்துப் பிடிக்க ஏதாவது வேண்டும்.

இதுவரை சரியாகத்தான் யோசித்தேன். என் வாழ்நாளில் தொடர்ந்து சரியாக யோசித்த காலம் என்றால் அது அந்த ஒரு வாரம்தான்.

லாரிகளில் இருக்கும் பழைய ஸ்பிரிங் பட்டையை மச்சானின் பட்டறையில் வெட்டி, பழுக்கக் காய்ச்சி, கொக்கி போல வளைத்தோம். தண்டவாளத்தின் அடிப்பாகத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் விடாப்பிடியாகக் கவ்விக்கொள்ளும். கட்டையின் பக்கவாட்டில் போய் ஒட்டி நிற்கும். தண்டவாளம் நகரப் பார்த்தால் கட்டை மறிக்கும். அதற்குக் 'கவ்வி' என்று பெயர் வைத்தேன். மச்சான் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அதுவே முதல் முறை என்பதால் எனக்குப் பயமாக இருந்தது.

சரிவு முழுவதும் கவ்விகளை மாட்டினேன். புதிதாக வெள்ளைக் கோடுகள் இழுத்தேன். தினமும் காலையில் போய்க் குனிந்து பார்ப்பேன். இரண்டு வாரம், ஒரு கோடுகூட இம்மி அசையவில்லை.

அதற்குப் பிறகு என்னை வீட்டில் வைத்துச் சமாளிப்பது கஷ்டமாகிவிட்டது என்று மனைவி சொல்வாள். உலகத்து ரயில் பாதைகளிலெல்லாம் என் கவ்வி இருக்கப்போகிறது என்ற நினைப்பில் நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்தால் கவ்வியில் ஆரம்பித்துக் கவ்வியில் முடிப்பேன். நாளடைவில் அவர் விசாரிப்பதை நிறுத்திவிட்டார். மேற்பார்வையாளருக்கு நிஜ ரயில்வேயில் பாதைப் பிரிவின் பொறியாளராக இருந்த ஒரு பெண்ணைத் தெரியும். பூங்கா அலுவலகத்தில் என் பேச்சு தாங்காமல், அவரைப் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்து கொடுத்தார்.

தொப்பியைத் துவைத்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டேன். கவ்வி ஒன்றை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். ரயிலில்தான் போனேன். ஜன்னலோர இருக்கை. இறங்கியதும் மேம்பாலத்தில் தண்டவாளங்களுக்கு மேலாக நடந்தேன். கீழே குனிந்து பார்த்து, 'பாவம், இதெல்லாம் எப்படி நகர்ந்துகிட்டிருக்கோ' என்று அனுதாபப்பட்டேன்.

பொறியாளரின் அறை நிலையத்தின் கோடியில் இருந்தது. சுவரில் பாதைகளின் வரைபடங்கள், மூலையில் சேறு படிந்த பூட்ஸ். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க மேசைக் காகிதங்களின் மேல் துருப்பிடித்த இரும்பு ஒன்றை வைத்திருந்தார். என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். நான் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினேன்.

"மேடம், நான் சொல்லப்போறது வெளிய போகக்கூடாது."

"சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தண்டவாளம் நகரும் என்பதையே அவருக்கு விளக்கினேன். மேசை விளிம்பைத் தண்டவாளமாகவும் பேனாவை ரயிலாகவும் வைத்துச் செய்து காட்டினேன். "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா" என்றுகூட ஓரிடத்தில் சொன்னதாக ஞாபகம். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. முடிவில் பையைத் திறந்து, துணியைப் பிரித்து, கவ்வியை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு காகிதங்களின் மேல் இருந்த துருப்பிடித்த இரும்பை எடுத்து, என் கவ்விக்குப் பக்கத்தில், அதே வாக்கில் திருப்பி வைத்தார்.

இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அண்ணன் பெரியவன், கொஞ்சம் துருவேறியவன். அவ்வளவுதான் வித்தியாசம்.

"இது ஆங்கர்" என்றார் பொறியாளர். "இப்ப வேற வேற மாதிரி வந்திடுச்சு. இது பழைய பாதையில இருந்து கழட்டினது. எங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு."

நான் டீயைக் குடித்தேன். டீ தீர்ந்த பிறகும் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"அப்ப, வெளிய இருக்கிற பாதையிலயும்…" என்று கேட்டேன்.

"வாங்க, காட்டறேன்."

அறைக்குப் பின்னால் சரக்கு வண்டிகள் நிற்கும் பழைய பாதை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, ஒவ்வொரு கட்டைக்கும் பக்கத்தில், என் கவ்விகள். கவ்விகளைப் பார்க்காமல்தான் வாழ்க்கை முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். சற்று முன் மேம்பாலத்தில் நின்று நான் அனுதாபப்பட்டது இவற்றின் தலைக்கு மேல் நின்றுதான்.

அவர் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. "யாரும் சொல்லிக் கொடுக்காம நீங்களா யோசிச்சீங்களே, அது பெரிய விஷயம்" என்றார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நான் கையோடு கொண்டுவந்திருந்த கவ்வியை வாங்கி எடை பார்த்தவர், சாதாரணமாகக் கேட்டார்:

"இத கட்டைக்கு எந்தப் பக்கம் மாட்டியிருக்கீங்க?"

"கீழ்ப்பக்கம் மேடம். சரிவு கீழதானே போகுது."

அவர் கவ்வியைத் தண்டவாளத்தின் பக்கம் நீட்டிக் காட்டினார். "தண்டவாளம் கீழ நகருது. கவ்வி அதப் புடிச்சிருக்கு, அதனால கவ்வியும் கூடவே கீழ நகரும். கட்டைக்குக் கீழ்ப்பக்கம் இருந்தா, எதுல போய் முட்டும்?"

யோசித்தேன். எதிலும் முட்டாது. கட்டையை விட்டு விலகி, தண்டவாளத்தோடு சேர்ந்து சொகுசாகப் பயணம் போகும்.

"ஆனா நகரலையே மேடம்" என்றேன், கடைசிப் பிடியாக. "வெள்ளைக் கோடு போட்டு ரெண்டு வாரமா பாக்கறேன். இம்மி நகரல."

"அந்த ரெண்டு வாரத்துல வண்டி எவ்வளவு ஓடிச்சு?"

"வண்டி ஓடல மேடம். பூங்காவுக்குப் பெயின்ட் அடிக்கறாங்க, மூடியிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ஓடாத ரயிலின் பாதை நகரவில்லை என்பதைத்தான் நான் தினமும் காலையில் குனிந்து குனிந்து நிரூபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இடத்தில் அவரால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சரக்கு வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாதையோரத்தில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் தூரத்தில் கொடி வைத்திருந்த ஒருவரும் சிரித்தார்.

பிறகு மறுபடி அறைக்குக் கூட்டிப்போய், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஜாயின்ட்டில் இருக்கும் தகடு தண்டவாளத்தை நகராமல் கட்டிப்போடுவதற்கில்லையாம். இரண்டு முனையையும் ஒரே மட்டத்தில், ஒரே நேர்கோட்டில் வைத்திருப்பதுதான் அதன் வேலையாம். வெயிலுக்கு நீளவும் குளிருக்குச் சுருங்கவும் இடைவெளி கட்டாயம் வேண்டும்; அதற்குத் தோதாகத் தகட்டுக்கு உள்ளே கிரீஸ் தடவ வேண்டும்; போல்ட்டை மூச்சுத் திணறுகிற அளவுக்கு முடுக்கக்கூடாது. கட்டையைச் சுற்றி ஜல்லியை நன்றாக இடித்து நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கவ்வியைத் தாங்கும் கட்டையே நகர்ந்துவிடும். நான் செய்ததில் எதுவெல்லாம் தவறு என்று அவர் சொல்லவில்லை. எது மிச்சம் என்று நானே பார்த்தேன். தொப்பி மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "மேடம் என்ன சொன்னாங்க?"

"ரொம்பப் பாராட்டினாங்க."

"என்னன்னு?"

"இத மொதல்ல கண்டுபிடிச்சவங்களும் என்ன மாதிரியேதான் யோசிச்சிருக்காங்களாம்."

அவள் புரிந்துகொள்ள ஒரு நொடிதான் ஆயிற்று. சாப்பிடத் தட்டு வைத்தாள். "சரி, கைய கழுவுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, சமையலறையிலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணன்கிட்ட சொல்லிடாத" என்றேன்.

"அவரு ஏற்கெனவே ஃபோன் பண்ணிட்டாரு. மேடம் மேற்பார்வையாளர்கிட்ட சொல்ல, அவரு இவருகிட்ட சொல்லிட்டாராம். நாளைக்குக் கவ்விய இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் மாத்தணும்னா, சுத்தியலோட வர்றேன்னாரு."

வந்தார். நாள் முழுக்கச் சரிவில் முட்டி போட்டு, கவ்விகளைக் கழற்றி, கட்டையின் மறுபக்கத்துக்கு, மேட்டைப் பார்த்த பக்கத்துக்கு மாற்றினோம். மேட்டில் விரிந்திருந்த இடைவெளியை, தண்டவாளங்களை நெம்பித் தள்ளிச் சீராகப் பங்கிட்டோம். தகடுகளைப் பிரித்து கிரீஸ் தடவினோம். வெள்ளைக் கோடுகளையும் புதிதாக இழுத்தோம். ஜல்லியை நான் இடித்தேன். என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் ஜல்லியிடம் காட்டியதால் அது நன்றாகவே இறுகியது. மச்சான் அன்று வழக்கத்துக்கு மாறாக அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "இத்தன கவ்வியில ஒண்ணாவது தப்பித் தவறி சரியான பக்கம் இருக்கும்னு பாத்தேன் மாப்ள. ஒண்ணுகூட இல்ல. அதுக்கும் ஒரு தெறம வேணும்" என்றார்.

பூங்கா திறந்து ரயில் ஓட ஆரம்பித்தது. வெள்ளைக் கோடுகளை நான் பார்க்கவே போகவில்லை. தைரியம் இல்லை. மனைவிதான் ஒருநாள் காலை கவுன்ட்டரைத் திறப்பதற்கு முன் சரிவு வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கோடு கோடாத்தான் இருக்கு" என்றாள். அடுத்த வெயில் காலத்திலும் கோடு கோடாகத்தான் இருந்தது. பல்செட் பெரியவர் மறுபடி வந்தார். மேட்டைத் தாண்டும்போது முன்ஜாக்கிரதையாக வாயைக் கையால் மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்காததால், இறங்கும்போது ஏமாந்தவர் போல இருந்தார். என்னைப் பாராட்ட யாரும் வரவில்லை. நடக்காத ஒன்றை ஜனங்கள் எப்படிக் கவனிப்பார்கள்? நானே வாய் திறந்து சொல்லலாம்தான். ஆனால் எதைச் சொன்னாலும் பூந்தோட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் பொறியாளர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் தனியாகச் சரிவில் நடந்து, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் குனிந்து பார்த்தார். குளத்து வளைவுக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அங்கே புல்லுக்குள் ஒரு கவ்வி மட்டும் கட்டையின் கீழ்ப்பக்கத்திலேயே இருந்தது.

"அது வந்து மேடம், ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக விட்டு வெச்சிருக்கேன்" என்றேன்.

"இல்லங்க, மறந்துட்டாரு" என்றாள் பின்னாலேயே வந்திருந்த மனைவி.

கவுன்ட்டரை வேறு ஆளிடம் விட்டுவிட்டு நீங்களும் ஏறுங்கள் என்று பொறியாளர் அவளை வற்புறுத்தினார். இத்தனை வருஷம் அந்த ரயிலுக்கு டிக்கெட் விற்றவள், அன்றுதான் அதில் பயணியாக உட்கார்ந்தாள், நடுப்பெட்டியில், பொறியாளருக்கும் அவர் அம்மாவுக்கும் எதிரே. நான் கொக்கியை இருமுறை சரிபார்த்துவிட்டு விசில் ஊதினேன். மேடு ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். வேலியோரச் செடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சரிவில் பிரேக்கை இழுத்து இழுத்து விட்டு, குளத்தைச் சுற்றி, நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். எல்லோரும் இறங்கினார்கள். அவள் மட்டும் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பொறியாளரின் அம்மா, எழுப்ப வேண்டாம் என்று எனக்கு ஜாடை காட்டினார். நான் எழுப்பவில்லை. கூட்டத்தை ஏற்றிக்கொண்டு இன்னொரு சுற்று போய்வந்தேன்.

இரண்டாவது முறை நிலையத்துக்கு வந்தபோதுதான் விழித்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியலையே. தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கவுன்ட்டருக்குப் போய்விட்டாள்.

ஜாயின்ட்டுகளின் மேல் ஆடாமல் போனதால் தூங்கினாளா, அல்லது நான் ஓட்டும் அழகுக்குத் தூக்கம்தான் வரும் என்பதால் தூங்கினாளா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன். பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி.